வாசகர் கேள்வி – பதில்: அம்மா பிறந்த நாட்டின் சீருடை

சென்ற இதழில் தென்கிழக்காசிய மகளிர் காற்பந்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைப் பற்றியவை: ஒரு பெண், தான் பிறந்து வளர்ந்த நாட்டுக்கு ஆடாமல், தன் தாய் பிறந்த நாட்டின் சீருடையை அணிந்து அனைத்துலக ஆட்டத்தில் இறங்குவது. ஆகவே இம்மாதப் பகுதியை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்தை வென்ற பிலிப்பீன்ஸ் அணியில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்று என் அண்டை வீட்டார் சொல்கிறார். அப்படியானால் அதை எப்படிப் பிலிப்பீன்ஸ் அணி என்று சொல்வது?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: அவர் சொன்ன தகவல் சரிதான். அந்த அணியில் இருந்த 23 பேரில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்தவர்கள். 2023 ஜூலை 25ஆம் தேதி வெலிங்டன் நகரில் நடந்த அந்த ஆட்டத்தின் 24ஆம் நிமிடத்தில் தலையால் முட்டிக் கோல் போட்ட சரீனா போல்டன் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அவருடைய தாயார் பிலிப்பினோ. இறுதி நிமிடங்களில் வலையைக் காத்த ஒலிவியா மெக்டேனியலும் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அவருடைய தாயாரும் பிலிப்பினோதான். உலகக் கிண்ணத்தில் முதன்முறையாக ஆடிய நாடு, போட்டியை ஏற்று நடத்திய நாட்டையே 1-0 என்று வென்றபோது, அந்த வெற்றியின் இரு முனைகளிலும் பிலிப்பினோத் தாய்மாரின் மகள்கள் நின்றார்கள்.

இது எப்படி நடந்தது என்பதற்குக் காற்பந்து விதியைவிட அந்நாட்டின் குடியுரிமைச் சட்டமே பெரிய காரணம். பிலிப்பீன்ஸின் 1935ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, தந்தை பிலிப்பினோவாக இருந்தால் பிள்ளை தானாகவே குடிமகன் ஆகும். தாய் மட்டும் பிலிப்பினோ என்றால், அந்தப் பிள்ளை வயது வந்தபின் தனியே விண்ணப்பித்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1973இல் வந்த அரசமைப்பு அந்த வேறுபாட்டை நீக்கியது. பின்னர் 2003இல் வந்த சட்டம், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுப் பிலிப்பினோக் குடியுரிமையை இழந்தவர்கள் அதை மீண்டும் பெற வழி செய்தது. இந்த இரண்டும் இல்லாமல் வெலிங்டன் ஆட்டம் இல்லை. கலிஃபோர்னியாவின் ஒரு புறநகரில் வளரும் சிறுமிக்கு, அவள் பிறந்தபோது தாய் பிலிப்பீன்ஸ் குடிமகளாக இருந்தால், தாய் வழியாகவே ஒரு கடப்பிதழ் பிறப்பிலேயே உரிமையாகிறது. அதை எடுத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும் அவள் விருப்பம்.

அன்று பிற்பகல் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு பிலிப்பினோப் பணிப்பெண்கள் ஒரே கைப்பேசித் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் அழுதுவிட்டார். ஆட்டக்காரர்கள் எந்த மருத்துவமனையில் பிறந்தார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடந்து வாழும் தாய்மாரைக் கொண்ட நாடு அது. அப்படிப்பட்ட ஒரு நாட்டின் அணியில், கடல் கடந்த தாய்மாரின் மகள்கள் இருப்பதைவிடப் பொருத்தமானது வேறொன்றும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. சிங்கப்பூரில் பிறந்தவள். பள்ளி அணியிலும் ஒரு மன்றத்திலும் நடுக்கள ஆட்டக்காரராக இருக்கிறாள். நான் கும்பகோணத்தில் பிறந்து, திருமணமாகி இங்கு வந்து, பின்னர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றேன், கணவர் சிங்கப்பூரர். "அம்மா, நான் உங்கள் நாட்டுக்கு ஆடப்போகிறேன்" என்று அவள் சொல்லும்போது மகிழ்ச்சியாகவும் அச்சமாகவும் இருக்கிறது. இந்தியாவுக்காக அவள் ஆட முடியுமா?
– ஒரு தாய், தெம்பனிஸ்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்வியில் மூன்று வெவ்வேறு அதிகாரங்கள் பின்னிக் கிடக்கின்றன: அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, இந்திய அரசாங்கம், சிங்கப்பூர் அரசாங்கம். மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும்.

ஃபிஃபாவைப் பொறுத்தவரை உங்கள் மகளுக்குத் தடை இல்லை. ஒருவர் எந்த நாட்டுக்கு ஆடுகிறாரோ அந்நாட்டுக் குடியுரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அந்தக் குடியுரிமை பிறப்பால் வந்ததாக இல்லாமல் பின்னர் பெறப்பட்டதாக இருந்தால், அந்த மண்ணோடு மெய்யான தொடர்பு ஒன்றையும் காட்ட வேண்டும்: தாமே அங்குப் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாயோ தந்தையோ, பாட்டியோ தாத்தாவோ அங்குப் பிறந்திருக்க வேண்டும், அல்லது விதி கூறும் ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். இவற்றில் தாயின் பிறப்பிடமும் தந்தையின் பிறப்பிடமும் ஒரே எடையுடையவை. நீங்கள் கும்பகோணத்தில் பிறந்தவர் என்பதே உங்கள் மகளுக்கு அந்தத் தொடர்பைக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் இப்போது சிங்கப்பூர்க் குடிமகளாக இருப்பது அதைக் குறைக்காது.

சிக்கல் கடப்பிதழில்தான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை, அதாவது ஓசிஐ, பெயரில் குடிமக்கள் என்று இருந்தாலும் குடியுரிமை ஆகாது. அதை வைத்துக்கொண்டு இந்திய அணியில் ஆட முடியாது. 2008இல் இருந்தே இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் மட்டுமே தேசிய அணிகளில் இடம்பெறலாம் என்ற கொள்கை நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மகள் இந்தியக் குடிமகள் ஆக வேண்டுமானால் சிங்கப்பூர்க் குடியுரிமையைத் துறக்க வேண்டும். சிங்கப்பூரோ, பொதுவாக 21 வயதுக்கு முன் யாரையும் தம் குடியுரிமையைத் துறக்க அனுமதிப்பதில்லை. அதன் பிறகும், தாயோ தந்தையோ முன்பு இந்தியக் குடிமக்களாக இருந்தார்கள் என்ற அடிப்படையில் விண்ணப்பிக்க, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். ஆகவே, எல்லாம் தடையின்றி நடந்தாலும் இருபத்தொரு வயதுக்கு முன் அவள் அந்த நீலச் சீருடையை அணிய இயலாது.

இந்த வழியில் சென்றவர்கள் இல்லாமல் இல்லை. ஆண்கள் காற்பந்தில் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். ஜப்பானில் இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த அராத்தா இசுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2013இல் இந்தியாவுக்காக ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், மும்பையில் பிறந்த தம் தாயின் வழியாக, 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு இந்தியக் கடப்பிதழைப் பெற்றார். இவர் 2019இல் ஆஸ்திரேலிய மூத்தோர் அணிக்கு, அதாவது வயது வரம்பில்லாத முதன்மைத் தேசிய அணிக்கு, ஒருமுறை ஆடியவர் என்பதைக் கவனியுங்கள். அது நட்புமுறை ஆட்டம் என்பதால் அவருக்குக் கதவு மூடப்படவில்லை.

உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். இளையோர் அணியில் அவள் சிங்கப்பூருக்காக அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடினாலும், 21 வயதுக்குமுன் ஆடிய ஆட்டங்களாக இருக்கும்வரை, பின்னால் தாயின் நாட்டுக்கு மாற விண்ணப்பிக்க ஃபிஃபா விதிகளில் இடம் உண்டு. மூத்தோர் அணியில் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்குவது வேறு. 2020இல் விதி தளர்த்தப்பட்டபின், 21 வயதுக்குள் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், உலகக் கிண்ண இறுதிச் சுற்றிலோ கண்டத்துக்கான இறுதிச் சுற்றிலோ ஆடாமல், கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால் மாறலாம். ஆனால் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தின்போதே மற்ற நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருக்க வேண்டும். ஒரே கடப்பிதழை மட்டும் வைத்திருக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்த நிபந்தனை எட்டாதது. எனவே, மூத்தோர் அணிக்கு அழைப்பு வரும் நாளில் அவள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இறுதியானதாகவே அமையும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறப்பது வீடு, வேலை, படிப்பு, பிற்காலத்தில் உங்களோடு ஒரே ஊரில் இருப்பது எல்லாவற்றையும் தொடும் முடிவு. பதினைந்து வயதில் சொன்ன ஒரு வாக்கியத்தை அந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம், அவள் சொன்னதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடவும் வேண்டாம். "உங்கள் நாடு" என்று அவள் சொல்கிறாள் என்றால், நீங்கள் விட்டுவந்த ஊரைப் பற்றி உங்கள் குரலில் ஏதோ ஒன்றை அவள் கேட்டிருக்கிறாள். விடுமுறையில் அவளை ஊருக்கு அழைத்துச் செல்லும்போது கடலூர் வழியாகச் சென்று, அங்குப் பெண்கள் பந்தாடுவதைக் காட்டுங்கள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் அந்த மாவட்டத்திலிருந்து வந்தவர்கள்தாம். அவர்கள் எவ்வளவு உழைத்து அந்த இடத்தை அடைந்தார்கள் என்பதை நேரில் அறிந்தபின் அவள் எதைத் தேர்ந்தாலும், தெரிந்து தேர்ந்ததாக இருக்கும்.

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் பிறந்தவள், இன்றும் சிங்கப்பூர்க் கடப்பிதழையே வைத்திருக்கிறாள். மருமகன் ஆஸ்திரேலியர். பெர்த்தில் இரண்டு பேத்திகள்: மூத்தவள் 2002இல் பிறந்தவள், இளையவள் 2008இல். இருவரும் நன்றாகப் பந்தாடுவார்கள். இவர்கள் சிங்கப்பூருக்கு ஆடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிராங்கூன்

பதில்: ஐயா, ஒரே தாயின் இரண்டு மகள்களுக்கு இரண்டு விடைகளைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக உள்ளது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமே சிங்கப்பூர்க் குடியுரிமை சேரும் என்பதே நெடுங்கால நடைமுறை. 2004இல் அரசமைப்பு திருத்தப்பட்டு, அவ்வாண்டு மே 15ஆம் தேதியிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்குத் தாய் வழியாகவும் அந்த உரிமை வந்தது. ஆகவே 2008இல் பிறந்த இளையவளுக்கு அது உண்டு, பிறந்த ஓராண்டுக்குள் முறைப்படி பதிவு செய்திருந்தால். 2002இல் பிறந்த மூத்தவளுக்குத் தாய் சிங்கப்பூரர் என்பது மட்டுமே போதுமானதாக இருக்கவில்லை. சிறு வயதில் தனியே விண்ணப்பித்து அரசாங்கம் ஏற்றிருந்தால்தான் குடியுரிமை கிடைத்திருக்கும்.

வியப்புக்குரியது என்னவென்றால், ஃபிஃபாவின் கண்ணில் இருவரும் ஒன்றே. பெற்ற தாய் சிங்கப்பூரில் பிறந்தவர் என்ற தொடர்பு இருவருக்கும் குறைவின்றி இருக்கிறது. காற்பந்து விதியில் அம்மாவின் பிறப்பிடத்துக்குக் கிடைத்த மதிப்பு, நாட்டுச் சட்டங்களில் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை உங்கள் குடும்பத்தைப் பார்த்தாலே அறியலாம். இந்தியாவிலும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகக் குடியுரிமை என்பது 1992 டிசம்பர் 10ஆம் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கே வந்தது. மலேசியாவில் அதற்கான அரசமைப்புத் திருத்தம் நாடாளுமன்றத்தின் மக்களவையில் நிறைவேறியது 2024 அக்டோபரில்தான். "தாய்நாடு" என்று அன்றாடம் சொல்லும் நாம், தாய்க்கு அந்த நாட்டைப் பிள்ளையிடம் கொடுக்கும் உரிமை இருந்ததா என்று கேட்டதே இல்லை.

இளைய பேத்தி பதிவு செய்யப்பட்டிருந்தால், 21 வயதுவரை இரு குடியுரிமைகளோடும் இருக்கலாம். அதுவரை சிங்கப்பூருக்கு ஆடவும் செய்யலாம். ஆனால் 22 வயது நிறைவதற்குள் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். தவறினால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும், அதனோடு அணியில் இடமும் போய்விடும். குடும்பத்தோடு உட்கார்ந்து இப்போதே பேசத் தொடங்குங்கள்.

கேள்வி: மலேசிய ஆண்கள் அணியில் போலி ஆவணச் சர்ச்சை எழுந்ததே! தாய் எங்கே பிறந்தார் என்பதை எதை வைத்து நிரூபிக்கிறார்கள்?
– வாசகி, ஜூரோங்

பதில்: பிறப்புச் சான்றிதழை வைத்துத்தான். 2025இல் வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டியர் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய ஆவணங்களை ஃபிஃபா மூலச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டது. பிறப்பிடங்கள் வேறாக இருந்தன. அவர்களுக்கு ஆட்டத் தடையும், அந்நாட்டுக் காற்பந்துச் சங்கத்துக்கு மூன்றரை லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது.

நம் குடும்பங்களில் பொய் இல்லாமலேயே தாள்கள் முரண்படும் என்பதே என் கவலை. தமிழ்நாட்டில் பிறந்த பல தாய்மாரின் பழைய பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயரே இராது. "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். கடப்பிதழில் தந்தை பெயர் ஒருவிதமாகவும், திருமணச் சான்றிதழில் முதலெழுத்து வேறுவிதமாகவும், இங்குள்ள அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டலோடும் இருக்கும். தோட்டத்தில் பிறந்த மலேசியத் தாய்மாருக்கும் இத்தகைய தொல்லைகள் உண்டு. மகளின் அழைப்புக் கடிதம் வந்தபின் அலைவதைவிட, அம்மாவின் பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்ப்பதற்கு அந்த ஊர் நகராட்சியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. காற்பந்தே ஆடாத பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

கேள்வி: உள்ளூரிலேயே பாடுபட்டுப் பயிற்சி பெற்ற பெண்களின் இடத்தை வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்வது நியாயமா? என் தங்கை இங்கு மகளிர் லீக்கில் ஆடுகிறாள். அவளுக்காகக் கேட்கிறேன்.
– வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் தங்கைக்காக நீங்கள் கேட்பதை மதிக்கிறேன். பகலில் வேலை செய்துவிட்டு, இரவில் பயிற்சிக்குப் போய், கடைசிப் பேருந்தில் வீடு திரும்பும் பெண்கள் இங்கு இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் புல்தரையும் உணவும் மருத்துவரும் தரப்பட்டு வளர்ந்த ஒருவரோடு அவர்களை ஒரே நாளில் ஒப்பிட்டுத் தேர்வு செய்தால், அது ஆட்டத்தின் தேர்வு மட்டுமன்று, வசதியின் தேர்வும்கூட. இதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், அந்த அநீதியைத் தாயின் நாட்டுக்கு ஆட வரும் பெண்ணின் தலையில் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குப் புல்தரை கிடைத்தது அவள் குற்றமன்று. உங்கள் தங்கைக்குக் கிடைக்காததற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் சங்கங்களும் ஆதரவாளர்களும்தாம். மொரோக்கோவைப் பாருங்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரில், மொரோக்கோத் தாய்க்குப் பிறந்து, இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஆடிய ரொசெல்லா அயான், தாயின் நாட்டுக்கு மாறி, 2022 ஆப்பிரிக்கக் கிண்ண அரையிறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக வெற்றி தந்த பெனால்டியை அடித்தார். அந்த அணியில் அவரைப் போல் ஐரோப்பாவில் வளர்ந்தவர்களும், மொரோக்கோவின் சொந்த லீக்கில் வளர்ந்தவர்களும் தோளோடு தோள் நின்றார்கள். மறு ஆண்டு உலகக் கிண்ணத்தில் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் நுழைந்தது அந்தக் கலப்பு அணிதான். உள்ளூர் லீக்கை வளர்க்காமல் வெளியிலிருந்து மட்டும் ஆள் தேடும் சங்கத்தை நான் கண்டிப்பேன். இரண்டையும் சேர்த்துச் செய்யும் சங்கத்தைப் பாராட்டுவேன்.

இன்னொன்று: வழி இரு பக்கமும் திறந்திருக்கிறது. 2004இல் பிறந்த நம் டேனெல் டான் ஜெர்மனியில் பொருசியா டார்ட்மண்ட் மன்றத்துக்கும் பின்னர் ஜப்பானிய மன்றம் ஒன்றுக்கும் ஆடி, அங்குக் கற்றதைச் சிங்கப்பூர்ச் சீருடையில் கொண்டுவந்தார். உங்கள் தங்கைக்கும் அந்த வாசல் இருக்கிறது. அடுத்த ஆட்டம் எப்போது என்று எழுதுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.

கேள்வி: அம்மா பிறந்த நாட்டு மொழி தெரியாமல் அந்த நாட்டுத் தேசிய கீதத்தை எப்படிப் பாடுவார்கள்? பாடாமல் நின்றால் தப்பா?
– தொடக்கநிலை ஆறு மாணவி, பொங்கோல்

பதில்: கண்ணு, பாட வேண்டும் என்று காற்பந்து விதி எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் கற்றுக்கொண்டு பாடுகிறார்கள். நீயே யோசித்துப் பார்: உன் வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், ஆனால் காலையில் கொடி ஏறும்போது நீ பாடுவது மலாய் மொழியில். அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிவதற்கு முன்பே அது உனக்கு மனப்பாடமாகியிருக்கும். அந்த அக்காமாருக்கும் அப்படித்தான். ஒரு வேறுபாடு: உனக்கு அதைப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள், அவர்களுக்குச் சமையலறையில் நின்றபடி அம்மாவே சொல்லித் தரலாம்.